அப்பாவின் படத்துக்கு இசை

அத்தியாயம் பதினான்கு

மாரிமுத்து வந்து ஒரு இரவுதான் கழிந்திருந்தது. அதற்குள் அந்த வீட்டில் எல்லாரும் சத்தமில்லாமல் நடக்கப் பழகிவிட்டார்கள்.

எல்லாரும் என்றால் இரண்டே பேர். ராசம்மாவும், அவள் மகள் சந்திரகாந்தாவும். மாத்தளை ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் தகரக் கூரை போட்ட அவர்கள் வீட்டில், நேற்று மாலை முதல் மூன்றாவதாக ஒரு ஆணின் செருப்பு வாசலில் கிடந்தது.

எழுபத்து நான்காம் வருஷம் அப்பாவோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போன, சந்திரகாந்தாவின் அண்ணன் அவன். பதினேழு வயதில் போனவன், கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, காதோரம் நரைத்துத் திரும்பி வந்திருந்தான். சண்டை நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இப்போது போகாவிட்டால் வேறு எப்போது போவது என்று கிளம்பியதாகச் சொன்னான். அம்மா முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை.

ராசம்மா சூடான ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள். பக்கத்தில் மிளகாய் இடித்த கட்டசம்பல்.

"இன்னொன்னு வைக்கவா தம்பி?"

"போதும்மா."

"அங்க காலையில என்னா சாப்புடுவே?"

"களி. இல்லாட்டி இட்லி. கெடைக்கிறத."

சாப்பிட்டபடியே அவன் அறையின் மூலையைப் பார்த்தான். மேசை மேல் கம்ப்யூட்டர். அதன் முன்னால் துணி போர்த்திய கீபோர்ட்.

"இதுதானா அது?"

"எதுண்ணே?" என்றாள் சந்திரா.

"ஒன் பியானோ."

"இது கீபோர்டு. பியானோ பங்களாவுலேயே கெடந்து கரையான் அரிச்சிப் போச்சு."

"ஓ" என்றான் மாரிமுத்து. "அதுவும் போச்சா."

அதுவும். அந்த ஒரு சொல் சந்திராவுக்குத் தைத்தது.

அந்தக் குடும்பத்தில் பியானோ என்ற பேச்சை எடுத்தாலே எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். எல்கடுவைக்கு மேலே இருந்த தோட்டத்தில் ராசம்மா பங்களா ஆயாவாக இருந்தாள். துரையும் துரைசாணியும் கிளப்புக்குப் போன பிறகு, அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சந்திரா அந்தப் பெரிய கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறப்பாள். ரேடியோவில் கேட்ட பாட்டைக் கட்டைகளில் தேடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது வெள்ளைக்காரத் துரை போனார், பியானோ போகவில்லை. அடுத்து வந்த துரையின் வீட்டார் அதன்மேல் போட்டோக்களை அடுக்கிவைத்தார்கள். அவற்றை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு அவள் வாசித்தாள்.

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இந்தியக் குடியுரிமைப் பேப்பர் முதலில் வந்தது. அவர்கள் போனார்கள். அம்மாவுக்கும் அவளுக்கும் எழுபத்தேழில் வந்தது. அவர்கள் போகவில்லை.

அந்த வாரம் இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் அம்மா சொல்லியனுப்பிய பதிலைச் சந்திரா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "பாப்பா அந்தப் பியானோவ வுட்டுட்டு வரமாட்டேன்னு அழுவுது. நாங்க வரலைன்னு சொல்லிருங்க."

அப்பா எண்பத்தொன்பதில் கோத்தகிரியில் இறந்துபோனார். அந்தச் செய்தி இங்கே வந்து சேரவே ஒரு மாதமானது. அன்றைக்கும் அம்மா மகளைப் பார்த்து ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று சந்திரா பல தடவை நினைத்திருக்கிறாள்.

"தம்பி, நீயும் அவகூட ஸ்டூடியோவுக்குப் போயிட்டு வாயேன்" என்றாள் ராசம்மா. "சாயந்தரம் கோயில் மண்டபத்துல எல்லாருக்கும் காட்டப்போறா. நீ முந்தியே பாத்துரு. நானும் அதுல பேசியிருக்கேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கிழவிக்கு லேசாக வெட்கம் வந்தது.

*

ரவூப் ஸ்டூடியோ பெரிய தெருவில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முன்னறையில் போட்டோ எடுப்பார்கள். உள்ளறையில் கலியாண வீடியோ. சந்திராவுக்கு அங்கே பதினொரு வருஷ வேலை.

அதற்கு முன்னால் அவள் ஒரு இசைக்குழுவில் ஆர்கன் வாசித்தாள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் தெரு எரிந்தபோது குழுவின் சாமான்கள் இருந்த கடையும் எரிந்தது. வாத்தியம் இல்லாமல் சில வருஷம் பாலர் பாடசாலையில் பிள்ளைகளைப் பாடவைத்தாள். பிறகு ரவூப் தன் கலியாண கேசட்டுகளுக்குப் பின்னணி இசை போட ஆள் தேடியபோது வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை கார் இறங்கும்போது ஒன்று, தாலி கட்டும்போது ஒன்று, பெண் அழும்போது ஒன்று. படம் ஓட ஓட அதற்கேற்ற மாதிரி வாசிக்கப் பழகினாள். கம்ப்யூட்டர் வந்ததும் பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று தானே கண்டுபிடித்தாள். படத்தையும் குரலையும் இசையையும் எழுத்தையும் ஒரே திரையில் கொண்டுவரலாம் என்று தெரிந்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு வருஷமாகத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ச் சேர்த்தாள். இந்தியாவுக்குப் போனவர்களின் பழைய போட்டோக்கள், இங்கே தங்கிவிட்டவர்களின் பேச்சு. அவற்றுக்குத் தன் இசை. அதற்கு 'இறங்கிப் போனவங்க' என்று பெயர் வைத்திருந்தாள். அரை மணி நேரம் ஓடும். இன்று சாயந்தரம்தான் ஊருக்கு முதல் தடவை காட்டப்போகிறார்கள்.

"வாங்க, வாங்க" என்று எழுந்தார் ரவூப். "ஒங்கட தங்கச்சி இல்லாட்டி இந்தக் கடை எப்பவோ மூடியிருக்கும். கண்டியிலேந்து மல்டிமீடியா வந்திருச்சி தங்கச்சி. சனமெல்லாம் அந்தப் படங்காட்டுற மெஷினுக்குத்தான் மல்டிமீடியான்டு பேருன்டு நெனச்சிக்கிட்டு ஈக்கிறாங்க."

சந்திரா சிரித்தாள். அண்ணனுக்கு நாற்காலி போட்டு, திரையை அவன் பக்கம் திருப்பி ஓடவிட்டாள்.

மாரிமுத்து முழங்காலில் கைகளை ஊன்றியபடி பார்த்தான். மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறும் சனம் வந்தபோது முன்னால் சாய்ந்தான். யாரோ ஒரு பெண் தன் தம்பியைப் பற்றிப் பேசியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான். நன்றாக வந்திருக்கிறது என்று சந்திராவுக்குத் தெரிந்தது. அவனுக்காகவே செய்ததுபோல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அப்பா வந்தார். கடவுச்சீட்டுக்காக எடுத்த படம். ரவூப் அதைப் பெரிதாக்கி, கறைகளை நீக்கிக் கொடுத்திருந்தார். படம் மெதுவாகத் திரையை நிறைத்தது. பின்னால் வயலின்கள் எழும்பின. அம்மாவின் குரல் வந்தது.

"அவரு எங்களுக்காகக் காத்துக்கிட்டே இருந்தாரு. கடைசி வரைக்கும் காத்துக்கிட்டிருந்துதான் போயிச் சேந்தாரு."

மாரிமுத்து எழுந்துவிட்டான்.

"இத எடுத்துரு."

"எதண்ணே?"

"இந்தப் படத்த. அம்மா பேசுறத. ரெண்டையும்."

"ஏன்?"

"எடுன்னா எடு. வேணாம்னு ரெண்டு பேரும் இங்கேயே இருந்துட்டீங்க. இப்ப ஊரக் கூட்டி அவரத் திரையில போட்டு, பாட்டு வேற போட்டு அழுவுறீங்களா?"

ரவூப் மெல்ல நழுவினார். "நான் மூனு ப்ளேன்டீ சொல்லிட்டு வாறேன்."

"வேணாம்னு நான் சொல்லலையே" என்றாள் சந்திரா. "எனக்கு அப்ப பன்னெண்டு, பதிமூனு வயசு."

"பியானோவ வுட்டுட்டு வரமாட்டேன்னு அழுதது யாரு அப்ப? அங்க வந்த ஆளு எங்கிட்டதான் சொன்னாரு. அப்பா பக்கத்துல நிக்கிறாரு. ஒரு மரப்பெட்டிக்காக அம்மாவும் தங்கச்சியும் வரமாட்டாங்களாம். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

அப்படி அழுதோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அழுதிருக்கலாம். பெரியவர்கள் சொல்லும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது?

மாரிமுத்து படியிறங்கிப் போய்விட்டான். திரையில் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மார்க்கெட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் அவனைக் கண்டுபிடித்தாள். ரத்தோட்டை பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பிப் போனது.

"சத்தம் போட்டிருக்கக் கூடாது" என்றான் மாரிமுத்து.

"பரவால்லண்ணே. என் மேல கோவம் இருக்கும்னு தெரியும்."

"ஒன் மேல இல்ல பாப்பா." பாப்பா என்று அவன் கூப்பிட்டது வந்த பிறகு இதுதான் முதல் தடவை. "அந்த மனுசன் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்கல."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நாங்க போயி ரெண்டாவது வருசமே வேற குடும்பமாயிட்டாரு. பதுளப் பக்கத்துலேர்ந்து வந்த பொம்பள ஒருத்தங்க. அவங்களும் தனியா வந்தவங்கதான். கெட்டவங்கன்னு சொல்லமாட்டேன். அவங்க கையால சோறு தின்னுதான் நான் வளந்தேன். சின்னம்மான்னுதான் கூப்புடுவேன். ஒரு பொம்பளப் புள்ள இருக்கு."

சந்திரா மனதுக்குள் வருஷங்களைக் கூட்டிப்பார்த்தாள். "அப்ப, எங்க பேப்பர் வந்த நேரம்?"

"அந்தப் புள்ள தவழுது."

"அப்பறம் ஏண்ணே பியானோ, பியானோன்னு…"

"நீங்க வந்திருந்தா எல்லாம் சரியாயிருக்கும்னு நெனச்சேன். சின்ன வயசு. அவரத் திட்ட முடியாது. சோறு போடுறவங்களத் திட்ட முடியாது. யாரையாவது திட்டணும்ல? எங்கேயோ இருக்கிற அந்தப் பெட்டியத் திட்டுனேன்." முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டான். "அம்மாவுக்கு இது தெரியக்கூடாது. இத்தன வருசமா நம்பிக்கிட்டு இருக்கு. நம்பட்டும். ஆனா அம்மா பக்கத்துல ஒக்காந்து அந்தப் பேச்ச நான் கேக்கமாட்டேன். என்னால முடியாது."

அந்தப் பிள்ளையின் பெயரைக்கூடச் சந்திரா கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அப்பாவின் அந்த ஒரு நிமிஷத்துக்கு வயலின் கோக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதமும், உண்மையில் இல்லவே இல்லாத ஒரு மனிதரை நினைத்து அவள் அழுதிருக்கிறாள்.

அம்மாவின் பேச்சை எடுத்துவிட்டால் அம்மா ஏன் என்று கேட்பாள். முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் குரலுக்காகத்தான் காத்திருப்பாள். எடுக்காவிட்டால் அண்ணன் மண்டபத்துக்கு வரமாட்டான். அதைவிட, இனி அந்த வயலின்களைத் தன்னால் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. விஷயம் தெரிந்த பிறகும் அதை ஓடவிட்டால், தன் கையால் ஒரு பொய்க்கு இசை போட்டதாக ஆகும்.

"நீங்க வீட்டுக்குப் போயி அம்மாவக் கூட்டிக்கிட்டு மண்டபத்துக்கு வாங்க" என்றாள். "அந்தப் பேச்சு வராது."

*

"இப்ப மாத்த ஏலாது தங்கச்சி" என்றார் ரவூப். "அந்த எடத்தத் தொட்டா முழுசையும் திருப்பி ரெண்டர் போடணும். இந்த மெஷினுக்கு நாளைக்கு மத்தியானம் ஆகும்."

"மாத்த வேணாம் ரவூப் நானா. அப்பா படம் வர்ற நேரம் நீங்க மிக்ஸர்ல சவுண்ட மொத்தமா எறக்கிருங்க. படம் ஓடட்டும். நான் கீபோர்டுல வாசிக்கிறேன்."

"என்னத்த வாசிப்பீங்க?"

"தெரியல."

ரவூப் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனையோ கலியாணங்களை அவர்கள் சேர்ந்து முடித்திருக்கிறார்கள். அவர் காரணம் கேட்கவில்லை. "கீபோர்ட் வயர நான் கொண்டாறேன்" என்றார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. தோட்டங்களிலிருந்து லொறி பிடித்து வந்திருந்தார்கள். கடைக்காரர்கள், ஆசிரியர்கள், ரவூப்பின் வீட்டார், சந்திராவிடம் கலியாண வீடியோ செய்துகொண்ட சிங்களக் குடும்பங்கள் இரண்டு. முன்வரிசையில் ராசம்மா நீலச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாரிமுத்து.

ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். வெள்ளைத் துணியில் மலை வந்தது, ரயில் வந்தது, முகங்கள் வந்தன. தங்கள் ஆட்களை அடையாளம் கண்ட இடங்களில் சனம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஒரு பெண் எழுந்து திரைக்கு அருகில் போய்த் தன் தமக்கையின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

அப்பாவின் படம் வந்தது. ரவூப் சத்தத்தை இறக்கினார்.

மண்டபம் அமைதியாக இருந்தது. சந்திரா கட்டைகளில் கை வைத்தாள். இந்த மனிதர் காத்திருக்கவில்லை. ஆனால் இந்தப் படம் எடுத்த அன்று அவருக்கு அது தெரியாது. கழுத்துவரை பொத்தான் போட்டு, போட்டோக்காரர் சொன்ன பக்கம் பார்த்துக்கொண்டு, போய்ச் சேருவோம், பின்னால் இவர்களும் வருவார்கள் என்றுதான் நினைத்திருப்பார். அவள் அந்த முகத்துக்கு வாசித்தாள். இடது கை மேட்டில் ஏறுகிற ஆள்போல நிதானமாக அடி வைத்தது. வலது கை கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு மேலே இரண்டு மூன்று கட்டைகளை மட்டும் தொட்டது. அதில் அழுகை இல்லை, மன்னிப்பும் இல்லை. யாரோ போகிறார், அவ்வளவுதான்.

படம் மங்கியது. அவள் கையை எடுத்தாள். ரவூப் சத்தத்தை ஏற்றினார்.

*

சனம் கலைந்து போக நேரமானது. பலர் வந்து சந்திராவின் கையைப் பிடித்தார்கள். தங்கள் வீட்டிலும் பழைய படம் இருக்கிறது என்றார்கள். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ரவூப் மெஷினைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனார். மண்டபத்தில் மூவர்தான் மிஞ்சினார்கள். சந்திரா கீபோர்ட் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் பேசுனது எங்கடி?" என்றாள் ராசம்மா.

"மெஷின்ல ஒரு கோளாறும்மா."

"மெஷின்லயா?" அவள் மகன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லிட்டியா இவகிட்ட?"

மாரிமுத்து தங்கச்சியைப் பார்த்தான்.

"நேத்திலேர்ந்து என் மொகத்தப் பாக்காமத் திரியிறியே, எனக்குத் தெரியாதா? கோத்தகிரியிலேர்ந்து எழுபத்தேழுல நம்ம லயத்து அழகையா தன் தங்கச்சியப் பாக்க வந்தாரு. எங்கிட்டயும் வந்து ஒங்கப்பா சேதியச் சொல்லிட்டுத்தான் போனாரு."

"அம்மா" என்றாள் சந்திரா. "அப்ப நாம போகாதது?"

"அதுக்குத்தான் போகல. வேற எதுக்கு?"

"பியானோவுக்குன்னு சொன்னே. கதவுக்குப் பின்னால நின்னு நான் கேட்டேன்."

ராசம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண் அதைக் கேட்டாள் என்பது அவளுக்கு இன்றுதான் தெரிகிறது.

"புருசன் இன்னொருத்தியோட இருக்கான், அதான் போகலைன்னு லயத்துல நின்னு சொல்லவா? என்னமோ ஒன்னு சொல்லணும். சின்னப் புள்ள, மறந்துரும்னு ஒன் பேர்ல போட்டேன். நீ அழவே இல்லடி. போறோம்னு சொன்னதும் துணியெல்லாம் மடிச்சி வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தே."

சந்திரா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பங்களாவில், மேடையில், ஸ்டூடியோவில், எங்கே எந்த வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்தாலும், முதல் கட்டையைத் தொடுமுன் அவளுக்கு ஒரு கணம் கை கூசும். அது தன் சுபாவம் என்றே நினைத்திருந்தாள். இன்று சாயந்தரம்தான் கூசவில்லை. அது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்ப ரெக்கோர்ட்டுல ஏம்மா அப்பிடிச் சொன்னே?" என்று கேட்டான் மாரிமுத்து.

"இவ மைக்க நீட்டிக்கிட்டுக் கேக்குறா. ரவூப் தம்பி வேற நிக்கிறாரு. செத்துப்போன மனுசனப் பத்தி நல்லதா ஒன்னு சொன்னா என்னா கொறஞ்சிருச்சி?" சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "அது கெடக்கட்டும். அந்தப் புள்ள பேரு என்னா?"

"செங்கமலம்."

"கட்டிக் குடுத்துட்டியா?"

"இல்லம்மா. சின்னம்மா போன வருசம் தவறிட்டாங்க. அதுலேர்ந்து எங்கூடத்தான்." அவன் தரையைப் பார்த்தான். "அவளுக்கு ஒங்களையெல்லாம் பாக்கணும்னு. எங்கூட வந்திருக்கா. கண்டியில ஒரு லொட்ஜுல விட்டுட்டு வந்தேன். நீங்க என்னா சொல்லுவீங்களோன்னு…"

"வயசுப் புள்ளயத் தெரியாத ஊருல தனியா விட்டுட்டு, நீ இங்க ஒக்காந்து படம் பாத்துக்கிட்டிருந்தியா?"

மண்டபத்தில் அவள் குரல் எதிரொலித்தது. மாரிமுத்து பள்ளிக்கூடப் பையன்போல நின்றான்.

"காலையில மொத ரயில்லேயே போ. சந்திரா, நீயும்கூடப் போயிட்டு வா. இவன் ஒருத்தன் போயி என்னத்தச் சொல்லிக் கூட்டிக்கிட்டு வரப்போறான்?"

சொல்லிவிட்டு ராசம்மா வாசல் பக்கம் நடந்தாள். மாரிமுத்து தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சந்திரா போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கையில் பாதி சுற்றியிருந்த கீபோர்ட் வயரை மறுபடி அவிழ்த்து, முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.